ஐந்து தோட்டாக்களில் ஒரு கருப்புப் புள்ளி

அக்டோபர் 14, திங்கள்

ராய்ஸ் டாக்கெட்டை வெள்ளிக்கிழமை விடுதலை செய்துவிட்டார்கள். நாலு வருடத் தண்டனையில் மூன்று கழிந்திருக்கிறது. மிச்சம் வெளியே, நிபந்தனைகளோடு. நீதிமன்ற வாசலில் பை சோதிக்கும் கார்னெட்தான் சொன்னான். "அக்கா, உங்க கதாநாயகன் ஊருக்கு வந்தாச்சு." சிரித்துக்கொண்டே சொன்னவன், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

டயர் கழற்றும் இரும்பால் ஒருவனின் தாடையை உடைத்தவன் ராய்ஸ். விசாரணை மூன்று நாளையும் எங்கள் வாரப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் எழுதியவள் நான். போன வருடம் சிறையிலிருந்து அலுவலகத் தொலைபேசியில் ஒரு செய்தி விட்டிருந்தான். அதைக் குறித்து வைத்த நோட்டை இன்று தேடி எடுத்தேன். "மிஸ் ஸ்டிடம், பேப்பரைப் படிச்சேன். வெளிய வந்ததும் நேரா உங்க வீட்டுக்குத்தான் வருவேன்." அவ்வளவுதான். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அறுபத்தொரு வயது. சாலை முடிகிற இடத்தில் ஒற்றை வீடு. ஷெரிப் அலுவலகத்திலிருந்து ஆள் வர நாற்பது நிமிடம்.

அக்டோபர் 17, வியாழன்

இந்த வாரப் பத்திரிகை வெளியானதும் டெல்ஃபியா கூம்ஸின் கடைக்குப் போனேன். முன்பக்கம் தூண்டில் புழு, பின்பக்கம் துப்பாக்கி. அவள் தம்பி மகன் வெண்டல் கேட்காமலேயே இளஞ்சிவப்புக் கைப்பிடி போட்ட ஒன்றை எடுத்து வைத்தான்.

"பொம்பளைங்க எல்லாம் இதைத்தான் வாங்குறாங்க. தூக்கிப் பாருங்க, பையில இருக்குறதே தெரியாது."

உண்மைதான். காலிக் காப்பிக் கோப்பை அளவு கனம். இரண்டு அங்குலக் குழல், மூக்கை வெட்டிவிட்டதுபோல.

பின்னால் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த டெல்ஃபியா தலையைத் தூக்காமல் சொன்னாள்: "வாங்குவாளுங்க. ஒரு தடவை சுடுவாளுங்க. அப்புறம் அடுப்படி டிராயர்ல போட்டுடுவாளுங்க. ஏண்டி இமோஜீன், சனிக்கிழமை வா. சுட்டுப் பார்த்துட்டு வாங்கு."

இருபத்திரண்டு வருடம் ஜெயிலில் பெண்கள் பகுதிக் காவலாக இருந்தவள். யாருக்காக என்று கேட்கவில்லை. ஊருக்கே தெரியும்போல.

அக்டோபர் 19, சனி

கடைக்குப் பின்னால் மண்மேடு. டெல்ஃபியா எடுத்து வைத்த மூன்று துப்பாக்கிகளையும் சுட்டுப் பார்த்தேன்.

இளஞ்சிவப்பு: முதல் வெடியிலேயே உள்ளங்கையில் பிரம்படி பட்ட மாதிரி. மூன்றாவதில் கண்ணை மூடிவிட்டேன். ஐந்தில் ஒன்றுகூடக் குறி வைத்த தாளில் இல்லை.

இரண்டாவது: கனமானது, நன்றாக இருந்தது. ஆனால் பின்னால், தோட்டாவை அடிக்கும் சுத்தி துருத்திக்கொண்டிருக்கிறது. "கோட்டுப் பையில போட்டு எடுத்துப் பாரு" என்றாள். எடுத்தேன். சுத்தி உள்துணியைக் கவ்விக்கொண்டது. இழுக்க இழுக்கக் கோட்டே கூட வந்தது. "அவன் அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருப்பான், பாவம்" என்றான் வெண்டல்.

மூன்றாவது: எஃகு, ஐந்து தோட்டா, சுத்தி உள்ளுக்குள் மறைந்திருக்கிறது. பையிலிருந்து மீன்போல வழுக்கி வந்தது. ஏழு அடியில் ஐந்தில் நாலு தாளில். இதுதான்.

ஒரு குறை. விசையை இழுக்க இரண்டு விரல் வேண்டியிருந்தது; ஒரு விரலுக்குப் பலம் போதவில்லை. நாற்பது வருடம் தட்டச்சு செய்த மூட்டு.

அக்டோபர் 22, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டது. டெல்ஃபியா கற்றுக்கொடுத்தவை, மறக்காமல் இருக்க:

துப்பாக்கி இருக்கும் கோட்டுப் பையில் வேறு எதையும் வைக்காதே. சாவி, இருமல் மிட்டாய், எதுவும்.

தோட்டா நிரப்பும் உருளையைக் காலியாக வைத்து, விசையை மெதுவாக இழுத்துக் காட்டினாள். முதலில் உருளை சுழல்கிறது. அடுத்த தோட்டா அறை மேலே வந்ததும் சின்னதாக ஒரு 'க்ளிக்'. "கேட்டுச்சா? பூட்டிக்கிச்சு. இதுக்கப்புறம் மயிரிழைதான். இழுத்தா வெடிக்கும். விட்டா வெடிக்காது, ஆனா உருளை ஒரு இடம் தள்ளியே நின்னுடும்."

ஒரு தோட்டாவின் பின்புறத்தில் மார்க்கரால் கருப்புப் புள்ளி வைத்தாள். "இது எப்பவும் மேலே இருக்கட்டும். காலையில எழுந்ததும் பாரு. இடம் மாறி இருந்தா யாரோ தொட்டிருக்காங்கன்னு அர்த்தம்."

"யாரு தொடப்போறா? நான் தனியாத்தானே இருக்கேன்."

"அப்ப நீ தொட்டிருக்கேன்னு அர்த்தம்."

அக்டோபர் 23

புள்ளி மேலே.

அக்டோபர் 24, வியாழன்

புள்ளி மேலே.

அவமானம். நீதிமன்றத்தில் வழக்கம்போலக் கோட்டைக் கழற்றிச் சோதனை மேசையில் வைக்கப் போனேன். பாதியில் கை நின்றுவிட்டது. முப்பத்தெட்டு வருடமாக நுழையும் வாசல்! கார்னெட் என் கையைப் பார்த்தான், கோட்டைப் பார்த்தான். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைக்க ஆரம்பித்தான்.

"அக்கா, கண்ணுல தூசி விழுந்துடுச்சு. அரை நிமிஷம் ஆகும். நீங்க எதையோ கார்ல மறந்துட்டு வந்துட்டீங்கபோல."

காரில் பூட்டிவிட்டு வந்தேன். உள்ளே உட்கார்ந்து மூன்று மணி நேரமும் காரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். சாட்சியின் வயதைத் தப்பாகக் குறித்துவிட்டேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

புள்ளி மேலே.

உடைந்த பாலத்தைப் பற்றிக் கேட்க ஓடை மேட்டுக் கிழவர் ஹோபர்ட்டின் வீட்டுக்குப் போனேன். ஊர் வழக்கப்படி வாசலில் காரை நிறுத்தி, என்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, ஹாரன் ஒன்று கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தார். "கால்சட்டை தேடிக்கிட்டு இருந்தேன்மா." பாலத்தைத் தவிர எல்லாவற்றையும் பேசினார்.

நவம்பர் 1, வெள்ளி

வந்துவிட்டான்.

மாலை 4.10. பழைய பச்சை லாரி, இடது முன்விளக்கு இல்லை. வாசல் பாதை தொடங்கும் இடத்தில் நிறுத்தினான். என்ஜினை அணைத்தான். குளிரில் கண்ணாடியை இறக்கினான். இரண்டு கையும் ஸ்டியரிங் மேலே. வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கவில்லை, கூப்பிடவில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் நான், கோட்டுப் பைக்குள் கை. 4.31-க்குப் போனான்.

இருபத்தொரு நிமிடம் மூச்சு விட்டேனா?

நவம்பர் 5, செவ்வாய்

தேர்தல். எண்ணி முடிக்கும்வரை இருந்தேன். புள்ளி மேலே.

நவம்பர் 8, வெள்ளி

4.05 முதல் 4.30 வரை. அதே இடம், அதே மாதிரி.

அவன் இருக்கும்போதே தோட்டா கழற்றிய துப்பாக்கியில் பழகிப் பார்த்தேன். விசை பாதியில் நின்றுவிடுகிறது. என்னால் முடியாது. நிஜமாக வந்தால் முடியாது.

வெண்டலைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். ஸ்பிரிங்கை மாற்றி விசையை இளக்க முடியுமாம், அரை மணி வேலை. "ஆனா நாளைக்கு மான் சீசன் ஆரம்பம். இருபத்தஞ்சாம் தேதிதான் மலையை விட்டு இறங்குவேன்."

"வெண்டல், என் உயிர் போற விஷயம்."

"எனக்கும்தான் மிஸ் இமோஜீன். எட்டுக் கிளைக் கொம்பு மான் ஒண்ணை மூணு வருஷமா தேடிக்கிட்டு இருக்கேன்."

டெல்ஃபியாவிடம் கொடு என்றேன். அவள் ஒரே வார்த்தையில் முடித்தாள்: "செய்ய மாட்டேன். இழுக்கக் கஷ்டமா இருக்கணும்னுதான் கம்பெனிக்காரன் அப்படிச் செஞ்சிருக்கான்." எனக்கு வந்த கோபத்தில் வைத்துவிட்டேன். அவளுக்கு என்ன? அவள் வாசலில் யாரும் வந்து உட்காரவில்லை.

நவம்பர் 9, சனி

விடிந்ததிலிருந்து மலை முழுக்க வெடிச் சத்தம். ஒவ்வொன்றுக்கும் உடம்பு தூக்கிப் போடுகிறது. புள்ளி மேலே. இரண்டு தடவை பார்த்தேன்.

நவம்பர் 12, செவ்வாய்

ஷெரிப் அலுவலகம். தேதி, நேரம், லாரி எண் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். நன்றாக எழுதியிருக்கிறேன் என்று பாராட்டினார்கள். பொதுச் சாலையில் வண்டியை நிறுத்துவது குற்றமில்லையாம்.

நவம்பர் 15, வெள்ளி

4.08 முதல் 4.40. போகும்போது தலையை ஆட்டினான். இல்லை என்பதுபோலவா, இருக்கட்டும் என்பதுபோலவா?

நவம்பர் 17, ஞாயிறு

உடனே எழுதிவிட வேண்டும். நடந்தது நடந்தபடி.

பகல் 1.20. விறகு எடுக்கப் போகக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். படியில் காலடி. கதவைத் திறந்துவிட்டேன் — ஏன் திறந்தேன்? தெரியவில்லை. நாலடி தூரத்தில் ராய்ஸ். தேவாலயத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டை. மெலிந்திருந்தான். ஜாக்கெட்டுக்குள் கையை விட்டான்.

என் கை பைக்குள் இருந்தது. விசையை இழுத்தேன் என்று நினைக்கிறேன். சத்தம் ஏதும் கேட்கவில்லை. என் காதுக்குள் மட்டும் இரைச்சல்.

அவன் எடுத்தது பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு பத்திரிகைத் துண்டு.

அப்புறம்தான் என் கோட்டுப் பையைப் பார்த்தான். முகம் வெளுத்தது. இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கினான்.

"மிஸ் ஸ்டிடம், உங்க கை அங்கேயே இருக்கட்டும், தப்பில்ல. நான் கீழே இறங்கிக்கிறேன். துப்பாக்கி இருக்குற இடத்துல நான் நிக்கக் கூடாது. விடுதலை நிபந்தனையில கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன்."

பின்பக்கமாகவே மூன்று படியும் இறங்கி, புல்லில் போய் நின்றான். அங்கிருந்து உரக்கப் பேசினான்.

"மூணு வெள்ளிக்கிழமை வந்து உட்கார்ந்தேன். நான் வேலை பாக்குற மில்லுல அன்னைக்குத்தான் சீக்கிரம் விடுவான். நீங்க வெளிய வரவே இல்ல. லாரி ஹாரன் செத்துப்போச்சு, இல்லன்னா அடிச்சிருப்பேன். இன்னைக்கு மனசு கேக்காம ஏறி வந்துட்டேன். தப்புதான்."

"என்ன வேணும் உனக்கு?" என் குரல்போலவே இல்லை.

அவன் அம்மாவின் இரங்கல் செய்தி. போன வருடம் மார்ச்சில் நாங்கள் போட்டது. மகள் இருவர், பேரப் பிள்ளைகள் நால்வர் என்று இருந்தது. அவன் பெயர் இல்லை. குடும்பத்தார் எழுதிக் கொடுத்ததை நான்தான் தட்டச்சு செய்தேன்.

"அக்காங்க விட்டுட்டாங்க. அவங்க கோபம் நியாயம்தான். ஆனா நீங்க மூணு நாளு என்னை எழுதினீங்க. 'ஆர்மீலியா டாக்கெட்டின் ஒரே மகன்'னு எழுதினது நீங்கதானே. உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும்.

"சிறையில அந்தப் பேப்பரைப் படிச்ச அன்னைக்கே உங்களுக்குப் போன் பண்ணினேன். வருவேன்னு சொன்னேனே."

அவன் போன பிறகு நோட்டை எடுத்துப் பார்த்தேன். அவன் சொன்ன வார்த்தைகளை ஒன்று விடாமல் குறித்திருக்கிறேன். மேலே தேதியும் என் கையெழுத்திலேயே: ஏப்ரல் 2. விசாரணைச் செய்தி வந்து ஒன்றரை வருடம் கழித்து. இரங்கல் செய்தி வந்து ஐந்து நாள் கழித்து.

வீட்டுக்காரர் வெளியே வரும்வரை படியேறாமல் காத்திருப்பதுதானே இந்த மலையில் மரியாதை; ஹோபர்ட்டின் வாசலில் நான் எப்படி உட்கார்ந்திருந்தேனோ, அப்படித்தானே அவனும் உட்கார்ந்திருந்தான்.

கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். பைக்குள் கை விடவில்லை.

நவம்பர் 18, திங்கள்

புள்ளி மேலே இல்லை.

ஒரு இடம் தள்ளி இருக்கிறது. மேலே இருப்பது புள்ளியில்லாத தோட்டா, வெறும் பித்தளை.

நவம்பர் 19, செவ்வாய்

டெல்ஃபியா வந்து உருளையைத் திறந்து பார்த்தாள். பிறகு தோட்டாக்களைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். "வேணும்னா கேளு, தரேன்."

"டெல்ஃபியா, வெண்டல் மலைக்குப் போகாம இருந்திருந்தா —"

"வாயை மூடுடி."

நவம்பர் 21, வியாழன்

பக்கம் ஐந்து, கீழே, வலது ஓரம். "சென்ற ஆண்டு மார்ச் 28 இதழில் வெளியான ஆர்மீலியா டாக்கெட்டின் இரங்கல் செய்தியில் அவருடைய மகன் ராய்ஸ் டாக்கெட்டின் பெயர் விடுபட்டது. தவறுக்கு வருந்துகிறோம்." ராய்ஸின் மூத்த அக்கா அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டினாள். கேட்டுக்கொண்டேன். ராய்ஸும் கூப்பிட்டான்: ஆறு பிரதி வேணுமாம், அடுத்த வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வானாம்.

நவம்பர் 25, திங்கள்

வெண்டல் மலையிலிருந்து இறங்கிவிட்டான். எட்டுக் கிளைக் கொம்பு இந்த வருடமும் தப்பிவிட்டது. "கொண்டு வாங்க மிஸ் இமோஜீன், அரை மணியில இளக்கிடுறேன்."

வேண்டாம் என்றேன்.

நவம்பர் 29, வெள்ளி

4.10. பச்சை லாரி. என்ஜினை அணைத்தான், கண்ணாடியை இறக்கினான்.

கோட்டு ஆணியில் தொங்கியது. அவன் கேட்டிருந்த ஆறு பிரதிகளையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கோட்டு இல்லாமலே, பாதைக் கடைசிவரை நடந்து போனேன். நல்ல குளிர்.