மெர்சி, உன் ஓபராப் பிரதியைக் கேட்டு வந்தார்கள்

என் கண்ணே மெர்சி,

உன்னை ஒருநாளும் நான் இப்படிக் கூப்பிட்டதில்லை. நீ இருந்தபோது வெறும் மெர்சி, கோபம் வந்தால் மகாராணி. கேட்க நீ இல்லை என்ற தைரியத்தில் இப்போது கண்ணே என்கிறேன். இந்தக் கடிதத்தைப் பெட்டிக்குள் வைக்காமல் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். சிங்கப்பூர் முழுக்க இல்லாவிட்டாலும் சிராங்கூன் ரோட்டில் நாலு பேர் படிக்கட்டும்.

நேற்று அந்தப் பாட்டுச் சங்கத்துத் துரைசானி நம் வீட்டுக்கு வந்தாள். நீ மண்ணுக்குள் போய் ஐந்து மாதம்தான் ஆகிறது, ஜப்பான்காரன் ஊரைவிட்டுப் போய் அதைவிடக் குறைந்த நாள். அதற்குள் நீ கையால் எழுதிய ஓபராப் பிரதி வேண்டுமாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளுக்கு ஊற்றிய தேத்தண்ணி பாதி தட்டில் விழுந்தது.

ஜப்பான் சண்டைக்கு முன்னால் அவளிடம் நீ பாடிக் காட்டப் போனாயே, அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. என் நீலச் சேலையைக் கேட்காமல் எடுத்துக் கட்டிக்கொண்டு போனாய். குரல் அருமை, ஆனால் மேடையில் உனக்கேற்ற வேஷம் ஒன்றுமில்லை, வேண்டுமானால் கோஷ்டியில் பின்வரிசையில் நில் என்று சொல்லி அனுப்பினாள். நீ அழவில்லை. வந்து காலைக் கழுவிவிட்டு, லண்டனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாய்.

"பழைய ஓபராவுல எல்லாரும் சீமாட்டி அண்ணி. என் மூஞ்சிக்குச் சீமாட்டி வேஷம் குடுக்க மாட்டாங்க. இப்ப புதுசா இங்கிலீஷ்ல எழுதுறாங்க, அதுல துணி வெளுக்குறவ இருக்கா, கடைக்காரி இருக்கா. அதுக்கு எந்த மூஞ்சியா இருந்தா என்ன?"

கப்பலில் மூன்று ஓபராப் பாட்டுப் புத்தகங்கள் வந்தன. நீ ஒரு நோட்டுப் போட்டு, பாட வருகிறவர்களுக்கு எது உதவும் என்று எழுதத் தொடங்கினாய். துணிக்கடையில் இரண்டு பேர் சண்டை போடும் சின்ன ஓபராவில் ஆரம்பிக்க வேண்டும், குரல் ரொம்ப மேலேயும் போகாது, கீழேயும் போகாது, ஒரு பியானோ போதும். கோர்ட்டுக் கதையில் வரும் வக்கீல் பாட்டை முப்பது வயதுக்கு முன்னால் எந்த ஆண்பிள்ளையும் தொடக்கூடாது, தொண்டை போய்விடும். மூன்றாவது, கடலில் போன புருஷன் திரும்பாத கலங்கரை விளக்கக்காரியின் கதை. அதன் பக்கத்தில் 'தாழ்ந்த பெண்குரலுக்கு இதைவிட நல்லது கிடைக்காது' என்று எழுதி, உன் பேரையும் போட்டு இரண்டு கோடு இழுத்திருந்தாய். அதைப் பார்த்து நான் எவ்வளவு கேலி செய்தேன் உன்னை.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். இங்கிலீஷ் இசைத்தட்டு, இங்கிலீஷ் பாட்டுப் புத்தகம் எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது என்று தெருவுக்குப் பொறுப்பானவர் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். பின்தெருவில் ஒருவரை இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். உன் அண்ணன் துறைமுகத்தில், நீ ஆபீசில். நான் தனியாக அந்த மூன்று புத்தகங்களோடு உட்கார்ந்திருந்தேன்.

அவற்றை எரிக்க எனக்கு மனம் வரவில்லை. மாதா கோவிலில் ஆர்மோனியம் வாசிக்கிறவள் நான், ஆனால் எல்லாம் காதால் கேட்டு வாசித்ததுதான், சுரக்குறிப்பு படிக்கத் தெரியாது. கோடும் புள்ளியும் எல்லா நாட்டுக்கும் பொது, கீழே இருக்கும் வார்த்தைதான் இங்கிலீஷ், அதை எடுத்துவிட்டால் புத்தகம் நிரபராதி என்று நினைத்தேன். கத்தரிக்கோலை எடுத்து, பக்கம் பக்கமாக, வார்த்தை வரிகளை மட்டும் நாடா நாடாக வெட்டினேன். அன்று மரவள்ளிக்கிழங்கு அந்தக் காகிதத்தில்தான் வெந்தது.

நீ வந்து புத்தகத்தைத் தூக்கினாய். ஜன்னல் வழியாகத் தெரிவதுபோல உன் முகம் அந்தப் பக்கத்தின் வழியாகத் தெரிந்தது.

"அண்ணி, பின்பக்கம்?"

பின்பக்கத்திலும் பாட்டு அச்சடித்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, மெர்சி. இந்தப் பக்கத்து வார்த்தையை வெட்டியதில் அந்தப் பக்கத்துச் சுரமும் போயிருந்தது.

"உங்களுக்கு இங்கிலீஷும் தெரியாது, பாட்டும் தெரியாது. என் புத்தகத்தை ஏன் தொட்டீங்க?" என்றாய். அதன்பின் ஒரு மாதம் பேசவில்லை. நான் ஆறாவது வரை கான்வென்டில் படித்தவள். நீ சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை பாஸானவள் என்பதால் உன் முன்னால் இங்கிலீஷ் தெரியாதவளாகவே இருந்துவிட்டேன். தப்புத் தப்பாகப் பேசி உன் கேலிக்கு ஆளாவதைவிட அது எனக்குச் சுலபமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து நீயே வந்து உட்கார்ந்தாய். உன் அண்ணன் கொண்டுவந்த பழைய துறைமுகத் தாள்களின் முதுகில் ஐந்து ஐந்து கோடாக இழுத்து, போனதையெல்லாம் ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதத் தொடங்கினாய். கதவைச் சாத்திக்கொண்டு நீ வாய் திறக்காமல் முனகுவாய், நான் ஆர்மோனியத்தில் தேடிப் பிடிப்பேன், நீ எழுதுவாய். அப்படித்தான் எனக்குச் சுரக்குறிப்பே வந்தது. "என்ன பாட்டுக்கா அது?" என்று அடுத்த வீட்டுக்காரி கேட்டால் மாதா பாட்டு என்பேன். வக்கீல் பாட்டைக்கூட மாதா பாட்டு என்றுதான் சொன்னேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அந்த வருஷங்களில்தான், அது உனக்குத் தெரியுமா?

மூன்றையும் எழுதி முடித்தாய். கால் வீங்கியது. பிறகு மூச்சு வாங்கியது. அரிசி கிடைத்திருந்தால், மருந்து கிடைத்திருந்தால் என்று டாக்டர் சொன்னார். யாரிடம் போய்க் கேட்பது? பாடவேண்டிய வயதில் முனகிவிட்டுப் போனாயே, அதை யார் திருப்பித் தருவார்கள்?

நேற்று துரைசானி வந்தபோது உன் ஆபீஸ் சிநேகிதி ஆக்னஸ் இங்கே இருந்தாள். அவளுக்கும் தாழ்ந்த குரல்தான், உன் நோட்டில் சொன்னபடி துணிக்கடைப் பாட்டை உன் பிரதியிலிருந்து எழுதிக்கொண்டிருந்தாள். துரைசானி ஜப்பான்காரன் முகாமில் மூன்றரை வருஷம் கிடந்து மெலிந்திருக்கிறாள், மணிக்கட்டு எலும்பு தெரிகிறது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் பேச ஆரம்பித்ததும் அந்த இரக்கம் போய்விட்டது. ஊரில் இந்த ஓபராவுக்கு வேறு பிரதி இல்லையாம். கலங்கரை விளக்கக்காரியாகப் பாட அவர்கள் சங்கத்தில் ஒரு டாக்டர் மனைவி தயாராக இருக்கிறாளாம்.

ஆக்னஸ் என்னிடம் தமிழில் கேட்டாள். "அக்கா, மெர்சி பேரு போடுவாங்களான்னு கேக்கட்டுமா?"

"கேளு."

நிகழ்ச்சித் தாள் சிறியது, பாடுகிறவர்கள் பேருக்கே இடம் போதாது என்று பதில் வந்தது. பேசிக்கொண்டே துரைசானி உன் பிரதியின் கடைசித் தாளைத் திருப்பினாள். அங்கே நாலு வரிக்குச் சுரம் இருக்கிறது, வார்த்தை இல்லை. உனக்கு எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வராத நாலு வரி. பரவாயில்லை, எங்கள் ஆள் யாராவது ஏதாவது எழுதிப் போட்டுக்கொள்ளலாம் என்றாள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. எழுந்து நின்று அந்த நாலு வரியையும் இங்கிலீஷில் சொன்னேன். நான் உனக்காக விளக்கேற்றவில்லை, எனக்கு இருட்டுப் பிடிக்காது, அதனால் ஏற்றினேன், நீ வந்தாலும் வராவிட்டாலும் நாளைக்கும் ஏற்றுவேன் என்று கலங்கரை விளக்கக்காரி பாடும் இடம். ஆக்னஸ் என்னையே பார்த்தாள்.

எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய். வெட்டும்போது படித்தேன், மெர்சி. அந்த வரி பிடித்திருந்தது, மனதில் நின்றுவிட்டது. படுத்த படுக்கையாக இருந்தபோது, "அண்ணி, வெட்டும்போது அந்தக் கடைசி நாலு வரியைப் பார்த்தீங்களா?" என்று கேட்டாயே. "எனக்கு எங்க இங்கிலீஷ் தெரியும்?" என்றேன். உன் வார்த்தையை உனக்கே திருப்பிக் கொடுக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று நினைத்தேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். துரைசானிமேல் எனக்கு இருக்கும் கோபத்தை எழுதிவிட முடிகிறது. என்மேல் இருப்பதை என்ன செய்வது?

பிரதியை அவளுக்குக் கொடுக்கவில்லை. வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் நம் கோவில் மண்டபத்தில் ஆக்னஸ் அந்தக் கலங்கரை விளக்கக்காரியின் பாட்டைப் பாடுகிறாள், நான் ஆர்மோனியம். துரைசானி வரலாம், நாற்காலி போடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். ஆக்னஸ் டைப் அடித்த நிகழ்ச்சித் தாளில் முதல் வரியில் இருப்பது உன் பேர்.

அந்த நாலு வரியை இன்று காலை மையில் எழுதிவிட்டேன், என் கோணல் எழுத்தில். இனிமேல் எந்தப் பெண் எதைப் பாடிப் பழகலாம் என்று கேட்டு வந்தாலும் உன் நோட்டையும் பிரதியையும் திறந்து வைப்பேன், வேண்டியதை எழுதிக்கொண்டு போகட்டும். பிரதியின் கடைசித் தாளில் மட்டும் ஏன் கையெழுத்து மாறியிருக்கிறது என்று கேட்பார்கள். ஒவ்வொருத்தியிடமும் சொல்வேன், நீ கேட்டாய், எனக்குத் தெரிந்திருந்தது, நான் சொல்லவில்லை என்று.

உன் அண்ணி,
ரோசம்மா