நான்காவது முட்டுக் கம்பு

அன்புள்ள சின்னக் கண்ணுக்கு,

உன் இருமல் விட்டிருக்கும், வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அப்பாவின் முழங்கால் வலி கணக்கில் சேராது, அது பத்து வருஷமாக நம் வீட்டு ஆள். அக்கா வீடு மாறிவிட்டாள். புது வீட்டில் குழாயைத் திறந்தால் சுவர் உறுமுகிறதாம், வந்து பாருங்கள் என்று அப்பாவைக் கூப்பிடுகிறாள். தையல் மிஷின் ரிப்பேர் செய்கிறவருக்கு உலகத்தில் எல்லாமே ரிப்பேர் செய்யத் தெரியும் என்று அவளுக்கு நினைப்பு. இதற்கெல்லாம் ஒரு கடிதமா, போனில் சொன்னால் போதாதா என்று கேட்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன். இப்போது மணி மூன்று, அப்பா கடையிலிருந்து வர இன்னும் மூன்றரை மணி நேரம் இருக்கிறது, அதற்குள் உனக்கு ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

ஊர் ஊராக முகாம் போட்டு வேலை செய்யும் எங்கள் சேவைச் சங்கத்தின் நாற்பதாம் ஆண்டு மலருக்கு வரலாறு எழுதும் வேலையை என் தலையில் கட்டியது உனக்குத் தெரியும். நாளைக் காலை பத்து மணிக்கு ஒட்டகம் மாமா வந்து வாங்கிக்கொண்டு நேராக அச்சகத்துக்குப் போகிறார். சங்கத் தலைவராகி எட்டு வருஷம் ஆகியும் மனிதரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அவ்வளவு உயரம். எல்லா முகாமையும் எழுதி முடித்துவிட்டேன், மூன்றாவது முகாம் மட்டும் பாக்கி. பாக்கி என்றால் எழுதவில்லை என்று இல்லை. இரண்டு விதமாக எழுதி இரண்டையும் மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். எதைக் கொடுப்பது என்பதுதான் ஒரு மாதமாக என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். முதல் முகாமுக்குப் போனவர்கள் ஏழு பேர், மண்வெட்டி நான்கு, அதிலும் ஒன்று கடன் வாங்கியது. மண் மூடிக் கிடந்த ஒரு வாய்க்காலைத் தூர் வாரினோம். எங்களில் வயதில் மூத்த ஒருவர் தலைவர். அவர் பத்து நாளும் நாற்காலியில் உட்கார்ந்து விசில் ஊதினாரே தவிர ஒரு கூடை மண் தூக்கவில்லை. எங்களுக்கு வந்த கோபத்தில் இரண்டாவது முகாமில் புது விதி போட்டோம். தலைவர் பதவி ஒரு நாளைக்குத்தான். சாயங்காலம் விசிலை அடுத்தவர் கையில் கொடுத்து, பாக்கி வேலை என்ன என்று வாயால் சொல்லிவிட வேண்டும். அதன்பிறகு பதவி முடிந்தவர் முகாம் முடியும்வரை வேலையைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் அன்றைக்குப் பாத்திரம் அத்தனையும் அவர் தலையில். இந்த விதியைப் பற்றி எங்களுக்கு எவ்வளவு பெருமை தெரியுமா. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் எங்களுக்குள் பெரியவர் சின்னவர் கிடையாது என்று மார்தட்டிக்கொண்டோம்.

மூன்றாவது முகாமில் ஒரு மலைக் குடியிருப்புக்கு மருந்தகம் கட்டினோம், இரண்டு அறைக் கட்டடம். வாசலுக்கு மேலே மழைக்கு ஒதுங்க ஒரு கான்கிரீட் தளம் நீட்டிக்கொண்டிருக்கும். காயும்வரை தாங்கக் கீழே முட்டுக் கம்புகள் நட்டு அதைப் போட்ட அன்றைக்கு நான் தலைவர். மேஸ்திரி என்னிடம், பதினாலு நாளைக்கு முட்டுக் கம்பு மேல யாரும் கை வைக்கக் கூடாதும்மா என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். நானும் அன்று சாயங்காலம் விசிலோடு சேர்த்து அடுத்தவரிடம் சொன்னேன். அவர் அடுத்தவரிடம் சொன்னாராம். நடுவில் எங்கேயோ அந்தப் பேச்சு நின்றுபோனது. தளம் போட்டு ஏழாம் நாள் தலைவர் உன் அப்பா.

அப்பாவுக்கும் எனக்கும் அப்போது ஆகவே ஆகாது. அதற்கு இரண்டு நாள் முன்னால் சுவர்ப் பூச்சைப் பற்றி நான் ஏதோ சொல்லப்போக, அம்மணி ஆட்சி முடிஞ்சு அஞ்சு நாளாச்சு, பாத்திரம் அங்க இருக்கு என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நான் முப்பது தட்டு கழுவினேன். அந்த ஏழாம் நாள் வெள்ளையடிக்கச் சாரம் கட்டக் கம்பு போதவில்லை. அப்பா வாசலில் இருந்த முட்டுக் கம்புகளைக் காட்டி எடுக்கச் சொன்னார். நான் சுண்ணாம்பு வாளியோடு எதிரே நின்றுகொண்டிருந்தேன். முதல் கம்பை எடுத்தார்கள், பார்த்தேன். இரண்டாவது, மூன்றாவது. பதினாலு நாள் என்பது எனக்கு நினைவு இருந்தது கண்ணா. மறந்துவிட்டேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன், பொய். விழும் என்று நினைக்கவில்லை, அது சத்தியம். மேஸ்திரி திரும்பி வந்து இந்த ஆளை நன்றாகத் திட்டட்டும், நான் நின்று வேடிக்கை பார்க்கிறேன் என்றுதான் நினைத்தேன். நான்காவது கம்பை எடுத்ததும் தளம் இறங்கியது. கீழே நின்ற இரண்டு பேரை ஒட்டகம் வெளியே தள்ளிவிட்டார், அவருடைய இடது கால் உள்ளே மாட்டிக்கொண்டது. அவர் நடப்பதைப் பார்த்துத்தான் அந்தப் பெயர் என்று நீ சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தாய், நான் திருத்தவில்லை.

மறுவாரம் விசாரணைக் கூட்டம். அன்றைய தலைவரின் கவனக்குறைவே காரணம், அவர் சங்கத்திலிருந்து நீக்கப்படுகிறார் என்று தீர்மானம். அதை எழுதிய கை என்னுடையது, என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று என்னிடம் கொடுத்தார்கள். அப்பா படிப்பையும் பாதியில் விட்டுவிட்டு மிஷின் கடையில் சேர்ந்தார். அடுத்த முகாமில் நான் எழுந்து, ஆபத்து என்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் விசிலை வாங்கி ஊதி வேலையை நிறுத்தலாம் என்று ஒரு விதி கொண்டுவந்தேன். இன்றைக்கும் புதுப் பிள்ளைகளுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பது அதைத்தான், என்னைக் காட்டி இவர் கொண்டுவந்த விதி என்பார்கள், கை தட்டுவார்கள். நானும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எவ்வளவு அழுத்தக்காரி பார் உன் அம்மா.

இரண்டு வருஷம் கழித்து, தைக்க மிஷினே இல்லாத நான் மிஷினுக்கு ஊசி வாங்கப் போகிறேன் என்று சாக்குச் சொல்லி அந்தக் கடைக்குப் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன். சொல்லாமல் ஊசி வாங்கிக்கொண்டு வந்தேன். மறுபடி போனேன். அப்படியே பழக்கமாகி, கல்யாணம் வரை வந்துவிட்டது. குற்ற உணர்ச்சியில் கட்டிக்கொண்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதே, அந்த மனிதரை எனக்குப் பிடித்தது, பிடித்ததால்தான் சொல்ல முடியாமல் போனது. இன்றைக்கு வரை அவருக்குத் தெரியாது. அந்தப் பழைய தீர்மானத்தை அப்படியே மலரில் அச்சடித்தால் அவர் பெயர் என் கையாலேயே இரண்டாம் முறை கெடும். உண்மையை அச்சடித்தால், முப்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவளைப் பற்றி அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் இன்றைக்கே, டீயைக் கொடுத்துவிட்டு, உட்கார வைத்துச் சொல்லப்போகிறேன். கேட் சத்தம் கேட்கிற மாதிரி இருக்கிறது, மணி ஐந்துகூட ஆகவில்லையே. நிறுத்துகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. நேற்று வந்தது அப்பாதான், கரண்ட் இல்லை என்று கடையைச் சீக்கிரம் மூடிவிட்டார். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்செல்லாம் போன இடம் தெரியவில்லை. உனக்கு எழுதியிருந்த இந்த நான்கு பக்கத்தையும் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு எதிரே நின்றேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். டீ ஆறிப்போனது. படித்து முடித்துக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, நீ பாத்துட்டு நின்னது எனக்குத் தெரியுமே என்றார். எனக்கு முதலில் காதில் சரியாக ஏறவில்லை. தளம் போட்ட அன்னைக்கு நீதானே தலைவரு, மேஸ்திரி உங்கிட்டதானே பேசினாரு, மூணு கம்பு எடுத்ததும் ஒரு சந்தேகம் வந்துச்சு, திரும்பி உன்னப் பாத்தேன், தப்புன்னா இவ சும்மா இருக்க மாட்டா, பாத்திரம் கழுவினாலும் பரவாயில்லன்னு கத்துவான்னு நினைச்சேன், நீ பேசாம நின்ன, அதனாலதான் நாலாவதையும் எடுக்கச் சொன்னேன் என்றார்.

கண்ணா, நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஏன் கூட்டத்தில் சொல்லவில்லை, ஏன் என்னிடம் ஒரு நாளாவது கேட்கவில்லை என்று அழுதேன். விசில் என் கழுத்துல இருந்துச்சு, உன்னக் கை காட்டினா நான் என்ன ஆளு என்றார். அப்புறம், நீ ஊசி வாங்க வந்தப்ப சொல்லுவியான்னு பாத்தேன், பெரியவ பொறந்தப்ப சொல்லுவியான்னு பாத்தேன், அப்புறம் எதிர்பாக்குறதையே விட்டுட்டேன் என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இத்தனை வருஷம் ஒளித்து வைத்தேன் என்று நினைத்தேனே, அவர் எதிரே உட்கார்ந்து காத்துக்கொண்டு இருந்திருக்கிறார். என்னை மன்னிப்பீர்களா என்று கேட்டேன். எனக்கு இதுல என்ன இருக்கு, கால் போனது எனக்கா, ஒட்டகத்தக் கேளு என்று சொல்லிவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். ராத்திரி சாப்பிட்டார், பேசவில்லை. காலையிலும் பேசவில்லை, கடைக்கும் கிளம்பவில்லை.

பத்து மணிக்கு ஒட்டகம் மாமா வருவார். மலருக்கு உண்மைப் பக்கத்தைத்தான் கொடுக்கப்போகிறேன், ஆனால் அச்சகத்துக்குப் போகும் முன் அவர் நம் கூடத்தில் உட்கார்ந்து அதைப் படிக்க வேண்டும், நான் எதிரே நிற்க வேண்டும். அவர் எழுந்து போனாலும் சரி, நாளைக்கே சங்கம் என்னை நீக்கினாலும் சரி. அவர் வருவதற்குள் இதைத் தபாலில் போட்டுவிடுகிறேன், பிறகு என்றால் நல்ல பெயர் வாங்கிக்கொள்ள அங்கங்கே திருத்தத் தோன்றும்.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும், உன் மனதில் சொல்ல முடியாத பாரம் ஒன்றும் சேராமல் இருக்க வேண்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உன்னோடு. இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசும்போது, அம்மா செய்தது உங்களுக்குத் தெரியுமா என்று மட்டும் ஆரம்பித்துவிடாதே. அவருக்குத் தெரியாது என்று இந்த வீட்டில் நம்பிக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான்.

இப்படிக்கு,
உன் அம்மா