அம்மா வெளுத்த கோடுகள்

பெரியவனே,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், ஆகவே நலமாகிக்கொண்டிருக்கிறோம். நீ அங்கே குறைவில்லாமல் இரு. சொல்வது நான், எழுதுவது உன் தங்கை. இரண்டு வரி சொல்வதற்குள் எனக்கு மூச்சு வாங்குகிறது. (அண்ணா, அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சரக்கு. அப்பா மூச்சு வாங்குகிற நேரத்தில் நான் இடம் வாங்கிக்கொள்கிறேன்.)

நோயைத் தீர்க்காத கதிர்வீச்சு எதற்கு என்று போனில் கேட்டாய். டாக்டரிடம் நானும் அதையேதான் கேட்டேன். கட்டி வலது நுரையீரலுக்குப் போகும் குழாயை நெரிக்கிறது, கதிர் அதைச் சுருக்கினால் காற்றுக்கு வழி கிடைக்கும், நோயே போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள் என்றார். வழி கிடைத்தால் போதும் என்று கையெழுத்துப் போட்டேன். பத்துத் தடவை, ஒவ்வொன்றும் சில நிமிடம்தான். முதலில் அளவெடுத்து மார்பில் மையால் கோடு போட்டு, அழியாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். யார் வீட்டு ஆளிடம் சொல்கிறார்கள் பார்! இருபது வருடமாகச் சலவைக்கடை நடத்துகிற உன் அம்மா, குளிப்பாட்ட வந்தவள், பழக்கதோஷத்தில் காலர் அழுக்கு எடுக்கும் சோப்பைப் போட்டுத் தேய்த்துவிட்டாள். (ஒரு கோடு மிச்சமில்லை. அம்மா கைக்குத் தப்பிய ஒரே கறை அப்பாதான்.) மறுநாள் மெஷின் ரூமில் இருந்த பெண், ஐயா உங்க மேப்பை யாரு தொலைச்சது என்றாள். மறுபடி ஸ்கேன் எடுத்து அளக்க இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு ராத்திரியும் உட்கார்ந்தே தூங்கினேன். அம்மா கடையைத் திறக்காமல், என்னாலதானே, பேசாம இந்த வைத்தியத்தையே நிறுத்திடலாமா என்று ஒரே அழுகை. கோடு போனா போகட்டும்டி, நான் போகமாட்டேன் என்றேன். (இதைச் சொல்லி முடிக்க அப்பாவுக்கு மூன்று தவணை.) இந்த முறை சின்னப் புள்ளிகளாகப் பச்சை குத்திவிட்டார்கள், எந்தச் சோப்புக்கும் அசையாது. இன்றோடு ஏழு முடிந்தது. விழுங்கும்போது நெஞ்சு எரிகிறது, கஞ்சியாகக் கரைத்துக் கொடுப்பதைக் குடிக்கிறேன். வேலையை உதறிவிட்டு வருகிறேன் என்றாயாம், அந்தப் பேச்சே வேண்டாம். பத்தும் முடியட்டும், முறையாக லீவு சொல்லிவிட்டு வா.

ஒரு சேதி. இன்று காலை மாடியில் இருந்தபடியே உன் அம்மாவைக் கூப்பிட்டேன். ஒரு மாதத்துக்குப் பிறகு என் குரல் கீழே கடை வரைக்கும் போயிற்று. (இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேலேயே வைத்துவிட்டு ஓடிவந்தாள். சட்டை தீய்ந்துபோயிற்று. சட்டைக்காரர் அரைமணி நேரம் திட்டினார், அம்மா பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு நின்றாள்.)

நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாவிடம் தினமும் பேசு. நீ எந்தக் குறையுமில்லாமல் நீடூழி வாழ என் ஆசி.

மீதி மூன்றையும் முடிக்கப்போகிற
உன் அப்பா