அழுத்தித் திறக்கும் கைப்பிடி

ரோஷக்காரிக்கு,

அக்கா வீட்டில் சௌக்கியமா? இங்கே உன் அடுக்களைக்கு ஒரு கரடி வந்து போகிறது. பயப்படாதே, எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

எவ்வளவு கெட்டிக்காரப் பிராணி தெரியுமா! முதல் நாள் காலையில், பின்கதவின் கைப்பிடியில் பாதத்தை வைத்து நோகாமல் அழுத்தித் திறந்தது. நீ கிளம்பிய அன்று அறைந்து சாத்தினாயே, அதே கதவுதான். உள்ளே வந்து, தேன் பாட்டிலை இரண்டு கைகளிலும் ஏந்தி, ஒரு சொட்டு சிந்தாமல் நக்கியது. வெயில் பட்டு முதுகு முடியெல்லாம் மினுங்கியது. நான் மாடிப்படியில் நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாசூக்கு, அந்த நிதானம்! மேசையில் ஒரு தட்டுகூட அசையவில்லை.

வனக்காவலர் வந்து என்னைத்தான் திட்டினார். "சார், இந்தக் கைப்பிடியைக் கழட்டிட்டு, திருகித் திறக்கிற உருண்டைக் குமிழை மாட்டுங்க. கரடியால அதைத் திருக முடியாது."

"என் வீட்டுக்காரியாலயும் முடியாதுங்க. அவளுக்கு விரல் மூட்டெல்லாம் வீக்கம். அவளுக்காகத்தான் இதை மாட்டினேன்."

"அவங்கதான் இப்போ இங்க இல்லையே?"

நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

சாப்பாட்டுச் சாமான்களையெல்லாம் மாடிக்கு ஏற்றியாகிவிட்டது. அப்படியும் கரடி விட்டபாடில்லை. வந்து, வெறும் அலமாரியை முகர்ந்து பார்த்துவிட்டு, கௌரவமாகத் திரும்பிப் போகிறது.

கைப்பிடி 'டக்'கென்று இறங்கும் சத்தம் கேட்டால் போதும், போட்டது போட்டபடி கீழே ஓடிவருகிறேன். இதுவரை வந்தது கரடிதான்.

வாய் அடங்கிப்போன,
உன் வீட்டுக்காரன்