திங்கட்கிழமை ஓய்வு

என் மதிப்பிற்குரிய போதகருக்கும், அவருக்கு நேரம் மிஞ்சினால் என் கணவருக்கும்,

தேவ கிருபையால் நானும் மகளும் நலம். அங்கே நீங்களும் உங்கள் அக்காவும் நலமென்று நம்புகிறேன். அக்கா தரும் மாத்திரையை மேசை இழுப்பறையில் சேர்த்து வைக்காமல் விழுங்குங்கள். உங்களை எனக்குத் தெரியும்.

பிரசங்க மேடைப் படியில் நீங்கள் விழுந்த இடத்தில் புது விரிப்புப் போட்டிருக்கிறார்கள். பழைய விரிப்பு தடுக்கித்தான் விழுந்தீர்கள் என்று சபையில் பாதிப்பேர் நம்புகிறார்கள். இரண்டு ஆராதனை, நடுவே ஒரு ஞானஸ்நானம், ஒரு குடும்பச் சண்டைக்குப் பஞ்சாயத்து என்று அலைந்துவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் மூன்றாவது ஆராதனைக்கு ஏறினீர்களே, அது யாருக்கும் நினைவில்லை. உங்கள் தலையை நான் மடியில் தாங்கியிருந்தபோது நம் சபைச் செயலாளர் குனிந்து, “மீதிப் பிரசங்கத்த யாரும்மா முடிக்கிறது?” என்று என்னிடம் கேட்டார். அந்த முகத்தை நினைத்தாலே இன்றும் அருவருப்பாக இருக்கிறது.

நீங்கள் உடம்பு தேற அக்கா ஊருக்குப் போனதும் சபைக் கமிட்டி கூடியது. டாக்டர் திட்டிய திட்டில் பயந்துபோய், ஆலய ஊழியர் அனைவருக்கும் இனித் திங்கட்கிழமை முழு ஓய்வு என்று தீர்மானம் போட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். ஆலய அலுவலகத்தில் தட்டச்சு செய்து தேய்ந்துபோன நானும், புத்தி கெட்டவள், சேர்ந்து தட்டினேன்.

முதல் திங்கட்கிழமையே நம் ஆலயப் பணியாளருக்குப் பாடகர் குழுவிலிருந்து போன். “அண்ணே, இன்னிக்கு சும்மாதானே இருக்கீங்க? வீட்டுல பீரோவ நகத்தணும், ஒரு கை குடுங்களேன்.” ஆர்கன் வாசிக்கும் அம்மா வீட்டுக்கு, எப்படியும் இன்று சும்மாதானே என்று, பிள்ளைகளை இலவசமாகக் கற்றுக்கொள்ள அனுப்பினார்கள். எனக்குச் செயலாளர் வீட்டுக் கல்யாண அழைப்பிதழ்களுக்கு முகவரி அடிக்கும் வேலை. ஓய்வு நாள் என்றால் நம் சபையாருக்கு ஆள் கிடைக்கும் நாள். “திங்கக்கிழமை லீவு வந்ததுலேர்ந்து ஞாயித்துக்கிழமதாம்மா கொஞ்சம் உக்கார முடியுது” என்று பணியாளர் என்னிடம் சொன்னார். சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது.

இந்த முணுமுணுப்பு கமிட்டியின் காதுக்கும் போனது. அவர்கள் கண்டுபிடித்த மருந்தைக் கேளுங்கள். ஊழியர்களுக்கு ஓய்வின் அருமை தெரியவில்லையாம். அதனால் ‘ஓய்வின் மேன்மை’ என்று ஒரு முழுநாள் முகாம். எல்லோரும் கட்டாயம் வர வேண்டும். அன்றுதான் எல்லோருக்கும் நேரம் ஒழியும் என்பதால் அதையும் திங்கட்கிழமையே வைத்திருக்கிறார்கள்! பணியாளர் விடியுமுன் வந்து நாற்காலி போட வேண்டும். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறார்கள். செயலாளரிடம் நேராகவே கேட்டேன். “ஊழியத்துக்கு ஏதும்மா லீவு? இது என்ன வேலையா?” என்று புன்னகைத்தார். தாமதமாக வந்தால் அது வேலை, விடுப்புக் கேட்டால் ஊழியம். ஒரே வாயில் இரண்டு நாக்கு.

இதுவரை சொன்னதெல்லாம் அவர்களைப் பற்றி. இனி உங்களைப் பற்றி. முகாம் நிகழ்ச்சி நிரலை அடிக்கக் கொடுத்தார்கள். ஆரம்ப ஜெபமும் செய்தியும் என்ற இடத்தில் உங்கள் பெயர். தவறாக எழுதிவிட்டார்கள் என்று நினைத்துக் கேட்டேன். “போன்ல ஐயாவே ஒத்துக்கிட்டாரும்மா. நான் இல்லாம எப்படி நடத்துவீங்கன்னு கேட்டார்” என்றார் செயலாளர்.

அவர் மேல் இருந்த அருவருப்பு அத்தனையும் உங்கள் பக்கம் திரும்பிவிட்டது. ஊருக்குத்தான் உபதேசம் என்பது இதுதானா? நீங்கள் இல்லாமல் இந்தச் சபை ஒரு நாள்கூட நடக்கக் கூடாது என்று உங்களுக்குள் ஓர் ஆசை இருக்கிறது. அதற்கு ஊழியம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். இன்னொரு முறை விழுந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரவே வேண்டியிருக்காது என்று டாக்டர் சொன்னது உங்கள் காதில் விழவில்லை. அப்போதும் பக்கத்துப் படுக்கைக்காரருக்காக ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தீர்கள்.

நிரலில் உங்கள் பெயரை எடுத்துவிட்டுத்தான் அடித்துக் கொடுத்தேன். செயலாளர் சொல்கிறார், ஊழியத்துக்குத் தடையாக நிற்கிறேனாம். ஆமாம், நிற்கிறேன் என்றேன். நீங்கள் வருகிறீர்கள் என்று யாரோ சொல்ல, மகள் ஓடி வந்தாள். குதிப்பாள் என்று பார்த்தேன். “அப்பா திரும்பவும் விழுவாராம்மா?” என்று கேட்டாள். ஞாயிறுதோறும் அத்தனை பேருக்கும் பதில் சொல்கிறீர்களே, இதற்கு ஒரு பதில் எழுதி அனுப்புங்கள்.

ஆராதனை முடிவில் இரு கைகளையும் உயர்த்தி, எங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காக்கட்டும் என்பீர்கள். எனக்குக் கை உயர்த்தும் அதிகாரம் இல்லை. ஆனாலும் மனைவி என்ற உரிமையில் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் போக்கை அவர் காத்துவிட்டார். வரத்தை இப்போதைக்கு அவரே தடுக்கட்டும்.

உங்கள் மேல் தீராத கோபத்தோடும், நீங்கள் உயிரோடு வேண்டும் என்ற பேராசையோடும்,
உங்கள் மனைவி