முன் சக்கரத்து எலுமிச்சம்பழம்

நானா,

இன்று காலை டயர் வாங்கப் போனேன். போனேன், வாங்கினேன், வந்தேன். மூன்றே சொல்லில் முடிகிற காரியமாகிவிட்டது அது. அரசாங்கக் கச்சேரிக்கு நடக்க வேண்டாம், பர்மிட்டுக்குக் கைகட்டி நிற்க வேண்டாம். மாத்தளைக் கடைவீதியில் புதிதாகத் திறந்த கடையில், வளையல் கடை மாதிரி டயர்களைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். உள்ளே கால் வைத்ததும் புது ரப்பர் வாசம் முகத்தில் வந்து மோதியது. நீங்கள் இருந்தால் முதலில் மூக்கைத்தான் நீட்டியிருப்பீர்கள்.

"நாலும் மாத்துறீங்களா முதலாளி, இல்ல ரெண்டு போதுமா?" என்று கடைக்காரர் கேட்டார். நான் பதில் சொல்லுமுன் அடுத்ததையும் கேட்டுவிட்டார். "ரெண்டுன்னா, முன்னுக்கா பின்னுக்கா?"

சாதாரணமான கேள்விதான். வருகிற எல்லோரிடமும் கேட்பார். எனக்கு மட்டும் அது சாதாரணமாக இல்லை. அங்கிருந்த மரப்பெட்டியில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். அந்த மனிதர் பயந்துபோய் விசிறியைத் தேடினார்.

நம்முடைய வண்டியை நினைத்தேன். ஏதோ ஒரு தோட்டத்துத் துரை ஓட்டி ஓட்டிச் சலித்துப்போய்த் தள்ளிவிட்ட கார். அதன் பின்பாதியை வெட்டி எறிந்துவிட்டுப் பலாமரப் பலகையில் பெட்டி அடித்தோம். ஊரார் அதற்கு 'அரை லொறி' என்று பேர் வைத்தார்கள். நீங்கள் ஓட்டுவீர்கள், நான் சரக்கு பார்ப்பேன். உக்குவளை மிளகும் பலாபத்வலைக் கொக்கோவும் நம் பெட்டியில் ஏறித்தான் ஸ்டேசனுக்குப் போகும். முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுவது போல நான் உங்களை 'நானா' என்பேன். என் பேரில் வண்டிப் பர்மிட் இருந்ததால் நீங்கள் என்னை 'முதலாளி' என்று கேலி செய்வீர்கள். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, "முதலாளி, அந்த ஸ்பேனர எடுங்க" என்பீர்கள். நானும் முதலாளி மாதிரியே எடுத்துக் கொடுப்பேன்.

டயர் வாங்குவதென்றால் உங்களுக்குப் பெண் பார்க்கப் போவது போல. வெள்ளைச் சாரம் உடுத்துவீர்கள், தொப்பியைச் சரி செய்வீர்கள். கடையில் டயரைச் சுவரில் சாத்தி, கட்டை விரல் நகத்தால் அழுத்தி, மோந்து பார்த்து, மோதிர விரலால் தட்டிக் காது கொடுப்பீர்கள். நான் பொறுமை இல்லாதவன். தரையில் பதிகிற மேல் பட்டன் நன்றாக இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாம் என்பேன். "டயர் வாங்கக்கொள மூஞ்சப் பாக்காதீங்க, விலாவப் பாருங்க" என்பீர்கள். மூஞ்சிக்கு யாரும் பூச்சுப் பூசலாம், வெடிப்பு விலாவில்தான் தெரியும் என்பது உங்கள் கட்சி.

பிறகு உலக யுத்தம் வந்தது. சுற்றிலும் ரப்பர் காடு. தோட்டத்துப் புகைக்கூடங்களில் ரப்பர் சீட் துணி காயப்போட்ட மாதிரி தொங்கும். பால் வெட்டுகிறவர்கள் நம் வண்டியிலேயே ஏறி இறங்குவார்கள். எல்லாம் யுத்தத்துக்குக் கப்பலேறியது, நமக்கு ஒரு டயருக்கு வழியில்லை. அந்த நாளில்தானே டியூப் கிழிந்த டயருக்குள் தேங்காய்மட்டைத் தும்பைத் திணித்து ஓட்டினோம்? யோசனை என்னுடையது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். உக்குவளை ரெயில்வே கேட்டருகே சக்கரத்திலிருந்து புகை கிளம்பி, கேட்காரர் வாளியோடு ஓடி வந்தார். நீங்கள் இறங்கி, புகைகிற சக்கரத்தைப் பார்த்து, "முதலாளி, சாம்பிராணி போட்டிருக்கீங்க போல" என்றீர்கள்.

கடைசியில் கச்சேரியில் இரண்டு டயருக்குப் பர்மிட் தந்தார்கள். தேவையோ நான்கு. மற்ற இரண்டுக்கு ஒட்டு டயர் வாங்கினோம். பழைய டயரின் மேல் புது ரப்பர் பட்டி ஒட்டியது. பார்வைக்கு நாலும் ஒன்று போலவே இருந்தன. உக்குவளையில் உங்கள் தங்கை மகளின் கலியாணத்துக்கு நீங்கள் கிளம்பிக்கொண்டிருந்தீர்கள். பஸ்ஸில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "புதுசு ரெண்டும் முன்னுக்கு. மறந்துடாதீங்க" என்றீர்கள். "சரி நானா, சரி" என்றேன். அப்படித்தான் செய்ய நினைத்தும் இருந்தேன்.

கராஜில் டயர் மாட்டிய சிங்கள பாஸ் என் மனதைக் கெடுத்தார் என்று சொன்னால் பாவம் அவர் மேல் பழி போடுவதாகும். பாரம் பின்னாலேதானே என்று அவர் கேட்டார், அவ்வளவுதான். போன மழையில் பின்பக்க டயர் வெடித்து ஒரு பாரம் மிளகு ஓடையில் போனது எனக்கு ஞாபகம் வந்தது. புதியதைப் பின்னால் போடச் சொல்லிவிட்டேன். நீங்கள் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம், கொஞ்சம் திட்டுவீர்கள், பிறகு மாற்றினால் மாற்றலாம் என்று இருந்தேன்.

மழையில் நாலு சக்கரமும் சேறு அப்பிக்கொள்ள, வண்டியை வீட்டு முற்றத்துக்கு ஓட்டி வந்தேன். எங்கள் வழக்கப்படி சூடம் காட்டி, முன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் இரண்டு வைத்து, நசுங்கும்படி ஒரு முழம் முன்னே நகர்த்தி நிறுத்தினேன். எந்த டயர் புதிது, எது பழையது என்ற கணக்கெல்லாம் அதில் கிடையாது. பழம் எப்போதும் முன் சக்கரத்துக்குத்தான். உங்களுக்கு அது தெரியாது. அதற்கு முன் நீங்கள் பார்த்த ஒரே ஒரு பூசை, முன் டயர் இரண்டையும் மாற்றிய அன்று நடந்தது. புது டயருக்குத்தான் பழம் வைப்பார்கள் என்று நீங்கள் மனதில் எழுதிக்கொண்டீர்கள். நானும் விளக்கிச் சொன்னதில்லை.

அன்று மாலையே எனக்குக் குளிர் காய்ச்சல் கண்டது. மூன்று கம்பளிக்குள் பல் அடித்துக்கொண்டு கிடந்தேன். என் மனைவி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டில் இருந்தாள்; பலாபத்வலைக்கு மேலே ரப்பர் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வீடு. விடிந்ததும் அங்கிருந்து ஆள் ஓடி வந்தது. வலி எடுத்து நேரமாகிறது, பிள்ளை திரும்பிக் கிடக்கிறது, உடனே மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லித் தோட்டத்து மருந்துக்காரர் கைவிரித்துவிட்டார்.

முதல் பஸ்ஸில் நீங்கள் வந்து இறங்கியது அந்த நேரத்தில்தான். கலியாண உடுப்பைக்கூட மாற்றவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு என் படுக்கைக்குப் பக்கத்தில் குனிந்தீர்கள்.

"முதலாளி, பயப்படாதீங்க. தங்கச்சிய நான் கொண்டாறேன். முன்னுக்குத்தானே புதுசு போட்டிரிக்கி? எலுமிச்சங்காய் நசுங்கிக் கிடந்திச்சு, பாத்தேன்."

நான் "ம்" என்றேன்.

காய்ச்சல் மயக்கத்தில் கேள்வி காதில் விழவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லி வந்தேன். அது பொய், நானா. ஒவ்வொரு சொல்லும் விழுந்தது. இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பீர்கள், டயரை மாற்றிவிட்டுப் போவோம் என்பீர்கள், அதற்குள் அவள் போய்விடுவாள் என்று பயந்தேன். மெதுவாகப் போங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். நீங்கள் சீக்கிரம் போனால் போதும் என்றிருந்தது எனக்கு. கம்பளியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

மற்றதை நான் பார்க்கவில்லை. என் மனைவி சொல்லித்தான் தெரியும். பெட்டியில் வைக்கோல் பரப்பி, மெத்தை போட்டு, அவளைத் தாயின் மடியில் கிடத்தினீர்களாம். தோட்டத்து ரோடு இறக்கத்தில் முன் சக்கரம் நல்லது என்ற நம்பிக்கையில் வேகமாகவே விட்டீர்களாம். கொடுக்காய்ப்புளி மரத்து வளைவில் ஒட்டு டயரின் பட்டி உரிந்து, சாட்டை மாதிரி அடித்துக்கொண்டு சுழன்றிருக்கிறது. இடது கைப்பக்கம் பள்ளம். வலது கைப்பக்கம் கல்லும் மண்ணுமாக மேடு. ஸ்டியரிங்கை ஒடித்து நீங்கள் இருந்த பக்கத்தையே மேட்டில் கொண்டுபோய் மோதினீர்கள். பின்னால் இருந்தவர்களுக்கு ஒரு குலுக்கல். உங்கள் வலது கால், கதவுக்கும் கல்லுக்கும் நடுவே.

பால் வெட்டிக்கொண்டிருந்த சனம் வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தது. கம்பளியில் அவளைத் தூக்கினார்கள், பலகையில் உங்களைத் தூக்கினார்கள். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள். அன்று பகலில் எங்கள் மகள் பிறந்தாள். உங்கள் காலை வெட்டாமல் காப்பாற்றினார்கள். ஆனால் முழங்கால் மடங்கவில்லை, பிரேக் மிதிக்கிற கால் அது. அதன் பிறகு நீங்கள் வண்டி ஓட்டவேயில்லை.

விசாரிக்க வந்த பொலிஸ்காரரிடம், "டயர் தெரிவு செஞ்சதும் நான்தான், ஓட்டினதும் நான்தான், வேற யாருக்கும் சம்பந்தமில்லை" என்றீர்களாம். நான் எழுந்து நடமாடி ஆஸ்பத்திரிக்கு வர ஐந்து நாளாயிற்று. வழியெல்லாம் என்ன சொல்வது என்று கோத்துக்கொண்டு வந்தேன். நீங்கள் என்னைக் கண்டதும், "எனத்த முதலாளி, மெலிஞ்சி போய்த்தீங்க" என்று சிரித்தீர்கள். கோத்ததெல்லாம் அறுந்துவிட்டது.

அப்புறம் நான் ஓட்டினேன், நீங்கள் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு இருந்தீர்கள். "கியர மாத்துங்க, அது அழுவுது" என்பீர்கள். என் மகள் நடக்கப் பழகிய நாளில் அவளைக் கைப்பிடித்துக் கடை முன்னால் கொண்டுவந்து, "என்ட ஒரு கால் போய்த்து இவட ரெண்டு கால் வந்திச்சு. லாபம் தானே?" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தீர்கள். நான் உள்ளே போய் மூட்டைக்குப் பின்னால் நின்று அழுதேன். அதுவும் உங்களுக்குத் தெரியாது என்று நினைத்தேன்.

உரிந்து கிடந்த அந்த ரப்பர் பட்டியை யாரோ எடுத்து வந்திருந்தார்கள். நீங்கள் அதில் செருப்பு தைத்துக்கொண்டீர்கள். மடங்காத காலுக்கு மட்டும் இரட்டை அடுக்கு. யுத்த காலத்தில் ரப்பரை வீணாக்கலாமா என்பீர்கள். காலையில் என் கடைக்கு நீங்கள் நடந்து வரும் புழுதியில் அந்த டயர்ப் பட்டன் பதியும். தினமும் கூட்டிப் பெருக்கினேன். பட்டி உரிகிற டயர் புது டயர் அல்ல என்பது உங்களைப் போல டயர் பார்த்தவருக்கா தெரியாது? அப்படியும் அந்தப் பேச்சு நமக்குள் வரவில்லை. நீங்களாக ஒரு நாள் என்னைத் திட்டிவிட மாட்டீர்களா என்று எத்தனையோ நாள் ஏங்கினேன்.

போன வருஷம் நெஞ்சுச் சளி முற்றி நீங்கள் படுத்த படுக்கையான போதுதான் எனக்குத் தைரியம் வந்தது. பாயருகே உட்கார்ந்து, "நானா, அன்னைக்கு அந்த டயர்..." என்று தொடங்கினேன். நீங்கள் கண்ணைத் திறக்காமலே, "செருப்பு நல்லா ஒழச்சிச்சு" என்றீர்கள். பிறகு, "புள்ள இஸ்கூல் போறாளா?" என்று கேட்டீர்கள். போகிறாள் என்றேன். மூன்றாம் நாள் உங்களைப் பள்ளிவாசலுக்குச் சுமந்த சந்தூக்குக்கு நானும் சற்றுத் தூரம் தோள் கொடுத்தேன்.

இன்று கடைக்காரரிடம் நாலும் மாற்றச் சொன்னேன். நாலையும் சுவரில் சாத்தி, நகத்தால் அழுத்தி, மோந்து, தட்டி, விலாவைத் தடவிப் பார்த்தேன். பயந்துபோயிருந்த அவர் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து நாலு சக்கரத்துக்கும் நாலு பழம் வைத்தேன்.

என் மனைவி கையில் சூடத் தட்டோடு நின்று பார்த்தாள். "என்னங்க இது புது வழக்கம்?"

நான் "சும்மாதான்" என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சொல்லும் ஒரு "ம்" தானே? படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பாஸ் கேட்டது, நான் மாற்றியது, நீங்கள் குனிந்து கேட்டது, எனக்குக் கேட்டது. சொல்லி முடித்து அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து தட்டையே பார்த்தேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "புள்ள பொறந்த மறுநாளே ஆஸ்பத்திரிலயே நானா ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டு எல்லாத்தையும் சொன்னாரு. இதப்பத்தி ஒங்ககிட்ட கேக்கவே கூடாதுன்னு, புள்ள தலைமேல கைய வச்சு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. காய்ச்சக்காரன்கிட்ட போய்க் கேள்வி கேட்டேனே, அது என் பிழை தங்கச்சின்னு சொன்னாரு."

சூடம் அணைந்துவிட்டது. அவள் திரும்பவும் ஏற்றினாள். நான்தான் ஏறி வண்டியை ஒரு முழம் நகர்த்தினேன். நாலு பழமும் நசுங்குவது கேட்டது.

இல்லை நானா. அது உங்கள் பிழை இல்லை. முன்னால் போட்டது ஒட்டு டயர். போடச் சொன்னது நான். நீங்கள் கேட்டீர்கள், எனக்கு நன்றாகக் கேட்டது.