பன்னிரண்டு மறுப்புகள்

7 நவம்பர் 1983, திங்கள்

காலையிலிருந்து மழை. பஸ்ஸில் அடுத்தவன் குடைத் தண்ணீர் என் செருப்புக்குள்.

துறைத் தலைவர் டாக்டர் நடேசலிங்கம் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். எந்த வெயிலிலும் கோட்டு கழற்றாதவர். நிரந்தர விரிவுரையாளர் இடம் ஒன்றே ஒன்று. ஒப்பந்தத்தில் இருப்பது நானும் கண்ணப்பனும்.

"ஆரின்ரை கட்டுரையை எத்தினை பேர் மேற்கோள் காட்டியிருக்கினம் எண்டு பார்த்துத்தான் கமிட்டி முடிவெடுக்கும். எண்ணிக்கொண்டு வாங்கோ."

அணு இயற்பியல் படித்தது இதற்குத்தான்.

நூலகம். மேற்கோள் அட்டவணை ஒவ்வொன்றும் தலையணைத் தடிமன், எறும்பு எழுத்து. பூதக்கண்ணாடி இரவல். கண்ணப்பன் பக்கத்தில். அவனுக்கு மூன்று கட்டுரை, ஒரே மேற்கோள். அதுவும் அவனே அவனைக் காட்டியது. எனக்கு ஒரே கட்டுரை, பன்னிரண்டு.

"டேய் ஸ்டீபன், உலகமே உன்னப் படிக்குதுடா. கோப்பி நீதான் வாங்கணும்." சிரித்தான். கண் சிரிக்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

9 புதன்

வெயில். பன்னிரண்டையும் தேடியெடுத்து வாசித்தேன்.

தலைவரும் நானும் சேர்ந்து போட்ட கட்டுரை: செம்பு எவ்வளவு நியூட்ரான்களை விழுங்கும் என்ற அளவு. பன்னிரண்டு பேரும் சொல்வது ஒன்றுதான். எங்கள் அளவு தவறு. ஜப்பான்காரர் மரியாதையாக. ஜெர்மன்காரர் அதுவும் இல்லாமல். காரணமும் எழுதியிருக்கிறார்கள்: சுவரில் பட்டுத் திரும்பிய நியூட்ரான்களையும் சேர்த்து எண்ணிவிட்டோம்.

உண்மை. கருவியைப் பெரிய கூடத்தின் நடுவில் வைக்க இடம் கேட்டேன். பெரிய மனிதர்கள் வருகிறார்கள், கண்காட்சிக்குக் கூடம் வேண்டும் என்றார்கள். சுவரோரம் ஒரு மூலை கொடுத்தார்கள். பெரிய மனிதர்கள் கை குலுக்கி, கேக் தின்று, போனார்கள்.

கண்ணப்பனின் அளவுகள் எல்லாம் சரி. சரியாக இருந்தால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. பெயரும் அச்சாவதில்லை.

10 வியாழன்

தலைவரிடம் போனேன். பன்னிரண்டும் மறுப்புகள், திருத்தம் வெளியிட வேண்டும் என்றேன்.

"தம்பி, உமக்கென்ன விசரோ? கமிட்டி எண்ணும். வாசிக்காது."

"எல்லாம் தப்புன்னு சொல்றாங்களே, டாக்டர்."

"கட்டுரையிலை முதல் பேர் என்ரை பேர். தெரியுந்தானே? முதல்லை நியமனக் கடிதத்திலை கையெழுத்து விழட்டும். திருத்தத்தைப் பிறகு பாப்பம்."

முதல் பெயர் அவருடையது. அளந்து சலித்தவன் நான். அவருக்கும் பேராசிரியர் பதவி வரும் நேரம். அவருக்கும் இந்தப் பன்னிரண்டு வேண்டும்.

13 ஞாயிறு

பூசை. அம்மா எனக்குத் தெரியாமல் நன்றிப் பூசைக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். ஃபாதர் பீடத்திலிருந்து வாசித்தார்: "நம் பங்கு இளைஞர் ஸ்டீபனின் ஆராய்ச்சியை உலக அறிஞர்கள் மேற்கோள் காட்டியதற்கு நன்றியாக." நிமிரவே இல்லை நான்.

வெளியே பக்கத்து அடுக்குமாடி புளோக் ரோஸி ஆன்ட்டி: "ஜப்பான்லலாம் உன்னப் பத்தி எழுதுறாங்களாம் லா? என்னடா எழுதுறாங்க?"

"தப்புன்னு எழுதுறாங்க, ஆன்ட்டி."

அம்மா கையைக் கிள்ளினாள். "மெதுவா பேசுடா. பூசைக்குக் காணிக்கை கொடுத்தாச்சு."

குவீன்ஸ்டவுன் வீட்டுக்கு பஸ்ஸில் திரும்பினோம். வாங்க வேண்டியவை: பிளேடு, கறுப்பு டை, அம்மா மாத்திரை.

17 வியாழன்

கமிட்டி. ஐந்து பேர், நீள மேசை, கிரீம் பிஸ்கட்.

சொல்லிவிட்டேன். பன்னிரண்டும் எங்கள் தவறைக் காட்டுபவை என்று. தலைவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். நடுவிலிருந்த வெள்ளைக்காரர் சிரித்தார். மறுக்கிறார்கள் என்றால் கவனிக்கிறார்கள் என்று அர்த்தமாம். பலரை மறுக்கக்கூட ஆளில்லையாம். மேசையே சிரித்தது. தலைவர்தான் அதிகம்.

அடுத்து கண்ணப்பன். போன வேகத்தில் வெளியே வந்தான்.

18 வெள்ளி

இடம் எனக்கு. கண்ணப்பனின் ஒப்பந்தம் டிசம்பரோடு சரி. நான் வேண்டாம் என்றால் அவனுக்குக் கொடுப்பீர்களா என்று தலைவரிடம் கேட்டேன். இல்லை, இடத்தையே எடுத்துவிடுவார்கள் என்றார். நம்பினேன். நம்புவது வசதி. கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் தேக்கா சந்தையில் அவனோடு டீ. ஆட்டுக்கறிக் கடைச் சத்தத்துக்கு நடுவே காசு நான்தான் கொடுத்தேன். அவன் அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் துரு சுரண்டி அவனைப் படிக்கவைத்தவர்.

"அப்பாகிட்ட என்னடா சொல்லப்போற?"

"சரியா அளந்தேன், அனுப்பிட்டாங்கன்னா நம்புவாரா? குடிச்சிட்டு வேலைக்குப் போனேன், மாட்டிக்கிட்டேன்னு சொல்லப்போறேன். அது அவருக்குப் புரியும்."